இரண்டு மீற்றர் எண்பது

2023 நவம்பர் 11, சனிக்கிழமை, நாங்கள் புரொஜெக்டர் பூட்டிய நாள். ஒஸ்லோ, புருசெத்தில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையின் நீளம் மூன்று மீற்றர் நாற்பது சென்ரிமீற்றர்.

நீங்கள் புரொஜெக்டர் வாங்கப் போகிறீர்கள், சின்ன அறையில் சோபாவை எங்கே போடுவது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் இதைக் கேட்பதில்லை. சுவரில் படம் விழுந்தவுடன் கை தட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கழுத்து வலி என்று டொக்டரிடம் போகிறார்கள். நான் ட்வெய்ட்டாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கண்ணுக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள தூரம்தான் எனக்குச் சோறு போடுகிறது. இந்த விஷயத்தில் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

கணக்கு எளிது. திரையின் அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப்போல ஒன்றேகால் மடங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூடிய தூரத்தில் உங்கள் கண் இருக்க வேண்டும். கண்ணைச் சொல்கிறேன், சோபாவின் முதுகை அல்ல. எங்கள் திரையின் அகலம் இரண்டு மீற்றர் இருபது. ஆகவே என் கண் இருக்க வேண்டிய இடம், திரையிலிருந்து இரண்டு மீற்றர் எண்பது. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அது அச்சொட்டாக வரும்.

ஆனால் எங்கள் பின்சுவரில் ஒரு கதவு இருந்தது. அது சின்னப் படுக்கையறையின் கதவு. அதற்கு முன்னால் ஆள் நடக்க வழி விட வேண்டுமென்றால் சோபாவைத் தொண்ணூறு சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளினால் தூரம் ஒரு மீற்றர் தொண்ணூறு. அந்தத் தூரத்தில் இருந்து இரண்டு மீற்றர் இருபது அகலப் படத்தைப் பார்ப்பது, பிள்ளையார் சிலைக்கு முன்னால் மூக்கு முட்ட நின்று கும்பிடுவதுபோல. தும்பிக்கை தெரியும். பிள்ளையார் தெரியமாட்டார்.

சின்னத் திரையாக வாங்கியிருக்கலாமே என்று என் மனைவி நிருஜாவும் கேட்டாள். வாங்கியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டபோது திரை சுவரில் பூட்டியாயிற்று.

அந்தச் சின்ன அறையில் நிருஜாவின் தம்பி பிலேந்திரன் இருந்தான். முப்பத்து நாலு வயது, மின்சார வேலை செய்பவன். பேர்கனில் இருந்து ஒஸ்லோவுக்கு வேலை மாறி வந்தபோது, வீடு கிடைக்கும் வரைக்கும் இரண்டு கிழமை இருக்கிறேன் என்று வந்தவன். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பான். என் கார்ச் சில்லை ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அவன்தான் மாற்றுவான். அந்த நவம்பர் சனிக்கிழமை புரொஜெக்டரை ஏற்றி, வயரை மறைத்து, படத்தை நிமிர்த்தித் தந்ததும் அவன்தான்.

குசினிக்குப் போகும் வழி திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு முதல் படம் ஓடி, கதாநாயகி கண் கலங்கும் இடத்தில், பிலேந்திரன் தேத்தண்ணி போட எழும்பிக் குறுக்கே நடந்தான். அவளுடைய நெற்றியில் அவனுடைய தலைமயிர் முளைத்தது.

"அத்தான், சும்மா சொல்லக்கூடாது, தியேட்டர் மாதிரித்தான் கிடக்கு" என்றான் நிழலில் இருந்து.

"முன்வரிசை" என்றேன்.

"இவருக்கு விசர்" என்றாள் நிருஜா. "உவ்வளவு தூரம் வேணுமெண்டால் கொரிடோரிலை கதிரையைப் போட்டு, சுவரிலை ஓட்டை போட்டுப் பாருங்கோ."

நான் அவசரப்படும் ஆள் அல்ல. மற்ற வழிகள் எல்லாவற்றையும் முதலில் முயன்று பார்த்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். திரையை எதிர்ச் சுவருக்கு மாற்றலாம் என்றால் அங்கேதான் அந்தக் கதவு. பக்கச் சுவருக்கு மாற்றினால் அறையின் அகலம் நீளத்தைவிடக் குறைவு. பிறகு நான் சோபாவைக் கதவோடு ஒட்டியே போட்டுப் பார்த்தேன். கதவு உள்ளுக்குத் திறக்கும் கதவு. பிலேந்திரன் அதைத் திறந்து, சோபாவின் முதுகில் ஏறி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் இறங்கிப் போகலாம். ஒரு கிழமை அவன் அப்படித்தான் போய் வந்தான். முணுமுணுக்கவில்லை. "உடம்புக்கு நல்லது அத்தான்" என்றான். எட்டாம் நாள் அவன் காலை நிருஜாவின் இடியப்பத் தட்டில் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு சோபா திரும்பவும் முன்னுக்கு வந்துவிட்டது.

ஜனவரியில் பிலேந்திரன் சேட்டுகளை அயன் பண்ணத் தொடங்கினான். மின்சார வேலைக்குப் போகிறவனுக்கு அயன் பண்ணிய சேட்டு தேவையில்லை. குரோருட்டில் ஒரு சிறுவர் பாடசாலையில் வயர் மாற்றப் போன இடத்தில், அங்கே படிப்பிக்கும் மிதுனாவைச் சந்தித்திருக்கிறான். ஒரு நாள் வேலையை நாலு நாள் செய்திருக்கிறான். நல்ல பெண். மூன்று வயதில் நோர்வேக்கு வந்தவள், ஆனால் எங்கள் தமிழ் பேசுவாள். அவளுடைய தகப்பன் குகதாசன் அண்ணை யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலூர்க்காரர். பொருத்தம் பார்க்க இதற்குமேல் என்ன வேண்டும்.

மற்ற எல்லாரையும்விட நான்தான் கூடச் சந்தோசப்பட்டேன். அளக்கும் நாடாவை எடுத்துத் துடைத்தும் வைத்தேன்.

அன்றிரவு சாப்பிடும்போது நிருஜா சொன்னாள்: "கலியாணம் முடிஞ்சாலும் உதிலைதானே இருக்கப் போகினம். கட்டிலைப் பெரிசாக்கிவிட்டால் காணும்."

"எதிலை?"

"உந்த அறையிலை. வேறை எங்கை?"

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுப்பார்கள். ஒஸ்லோவில் அதற்கு வழியில்லை. குகதாசன் அண்ணைக்கு இரண்டு அறை வீடு, மூன்று பெண்பிள்ளைகள். அங்கே மாப்பிள்ளையை நிறுத்திவைக்கக்கூட இடமில்லை. ஆகவே வீடு எடுக்குமட்டும் இங்கே. இரண்டு கிழமைக்கு என்று வந்தவன் இரண்டு வருடம் இருந்தவன் என்பதை நினைத்துப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் ஆவார்கள். பிறகு, கடவுள் கிருபையால், மூன்று பேர்.

நான் யாரையும் வெறுக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரு அளவுப் பிரச்சினை.

எங்களிடையே இன்னொரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசினால், சரி என்று சொல்வதற்கு முன்னால், பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள். பெற்றோரிடம் விசாரிக்கமாட்டார்கள், அவர்கள் புளுகுவார்கள். சிநேகிதனிடமும் விசாரிக்கமாட்டார்கள். விசாரிக்கத் தகுந்த ஆள் மாப்பிள்ளையின் அத்தான், அதுவும் அவனைத் தன் வீட்டில் வைத்திருக்கும் அத்தான். அவனைப் புகழ அத்தானுக்கு ஒரு காரணமும் கிடையாது. ஆகவே அத்தான் சொல்வதுதான் கடைசிச் சொல்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை குகதாசன் அண்ணை கடைக்கு வந்தார். கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது என்று கழற்றி என்னிடம் தந்தார். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் எதையும் நேராகக் கேட்கமாட்டார்கள் என்பதால் நானும் சின்னத் திருகாணிச் சாவியை எடுத்துத் திருப்பத் தொடங்கினேன்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். மறைக்கக்கூடாது."

"கேளுங்கோ அண்ணை."

"உம்மடை மச்சான் எப்பிடி?"

"நல்ல பொடியன்."

"வேலைவெட்டி?"

"ஒரு நாள் லீவு எடுக்கமாட்டான்."

"வேறை... பழக்கவழக்கம்?"

"சேச்சே" என்றேன். "இப்ப குடிக்கிறேல்லை."

அவருக்கு மைனஸ் ஆறு. கண்ணாடி என் கையில் இருந்தது. என் முகம் அவருக்கு மங்கலாக ஒரு வட்டமாகத்தான் தெரிந்திருக்கும். அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எண்டா?"

"பழசை ஏன் அண்ணை கதைப்பான். இந்தாங்கோ, போட்டுப் பாருங்கோ. மூக்கிலை அமத்துதோ?"

"அமத்தேல்லை" என்றார். கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. பிலேந்திரன் அப்போது குடிப்பதில்லை. அதற்கு முன்னர் எப்போதாவது குடித்திருக்கிறானா என்றால், இல்லை. கலியாண வீடுகளில் ஒரேஞ்ச் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, கச்சானைக் கொறித்துக்கொண்டு, குடித்தவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விடுகிறவன் அவன். ஆனால் அதை அவர் கேட்கவில்லை.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. சாதகக் குறிப்புப் பொருந்தவில்லையாம். எங்கள் ஆட்கள் காரணம் சொல்லிச் சம்பந்தத்தை மறுப்பதில்லை. கிரகங்களின் தலையில் போட்டுவிடுவார்கள், கிரகங்கள் மறுத்துக் கதைக்காது. மிதுனா பிலேந்திரனின் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினாள். அவன் அயன் பெட்டியை அலுமாரிக்குள் வைத்தான்.

இங்கே நான் ஒரு கணக்கில் பிழை விட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். மனம் உடைந்தவன் வெளியே போகமாட்டான் என்பதை நான் யோசிக்கவில்லை. முன்னர் பின்னேரங்களில் வெளியில் திரிந்தவன், இப்போது வேலை விட்டு நேரே வீட்டுக்கு வந்து எங்கள் நடுவில் இருந்து படம் பார்த்தான். ஒரு மீற்றர் தொண்ணூறில், மூன்று பேர்.

"அத்தான்" என்றான் ஒரு நாள், திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது. "ஏன் எல்லாப் படத்திலையும் கடைசியிலை ஆக்கள் சேருகினம்?"

"ரிக்கற் எடுத்து வந்தவைக்காக" என்றேன்.

"அப்பிடியோ" என்றுவிட்டு, எங்கள் மூன்று பேருடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனான். திரையில் அவனுடைய நிழல் இரண்டு ஆள் உயரம் இருந்தது.

மார்ச்சில் மிதுனா கடைக்கு வந்தாள். கண் பரிசோதிக்க என்று வந்தவள், பரிசோதனை முடிந்து மூக்குக்கண்ணாடிச் சட்டம் தெரிவு செய்யும்போது, கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணா, அப்பா ஒரு கதை சொன்னவர். நீங்கள் சொன்னதெண்டு."

"எந்தக் கதை?"

"பிலேந்திரன் முந்திக் குடிச்சவர் எண்டு. எனக்கு அது பெரிய விசயமில்லை. ஆக்கள் மாறுவினம். ஆனால் அவர் என்னட்டை ஒண்டுமே சொல்லேல்லை. அதுதான்." சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அப்பாவை நான் பாத்துக்கொள்ளுவன். நீங்கள் உண்மையை மட்டும் சொல்லுங்கோ. அவர் எப்பவாவது குடிச்சவரோ?"

கேள்வி நேராக வந்துவிட்டது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பின்னேரமே அவள் புருசெத்துக்கு டி-பானே ரயில் எடுத்திருப்பாள், கோடைகாலத்தில் கட்டில் பெரிசாகியிருக்கும். நான் அந்தச் சொல்லை நினைத்தும் பார்த்தேன். கூடவே கதவையும் நினைத்தேன்.

"தங்கச்சி" என்றேன், "ஆள் திருந்தியிட்டார் எண்டுதான் நாங்களும் நம்பிறம்."

அவள் தலையை ஆட்டினாள். மேசையில் இருந்த சட்டங்களை நிறவாரியாக அடுக்கி வைத்தாள், சிறுவர் பாடசாலையில் பழகிய கை. பிறகு நீலச் சட்டம் ஒன்றைத் தெரிவு செய்தாள். முகத்துக்கு நன்றாக இருந்தது, அதைச் சொன்னேன். கண்ணாடி துடைக்கிற துணி ஒன்றைச் சும்மா கொடுத்தேன்.

"தக், அண்ணா" என்று நோர்வேஜிய மொழியில் நன்றி சொன்னாள். "வேறை ஆரும் எண்டா மறைச்சிருப்பினம்."

அதே மாதம் நான் ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்தேன். நாட்டின் வடக்கு முனை. எண்பதுகளில் எங்கள் ஆட்கள் பலர் அந்தப் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தவர்கள். இறங்காமல் அங்கேயே இருந்துவிட்டவர்களில் ஒருவன் என்னோடு படித்தவன். அவனுக்கு ஒரு தங்கை, கஜேந்தினி, தாதியாக வேலை செய்கிறாள். கடலைப் பார்த்தபடி சொந்த வீடு. வீட்டை விட்டு வரமாட்டாள், கட்டுகிறவன்தான் அங்கே போக வேண்டும். பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

"எல்லாரும் அங்கையிருந்து இறங்கி வந்தவை. நான் மட்டும் ஏறிப் போறதோ?" என்றான் பிலேந்திரன். "ரண்டு மாசம் சூரியனே வராதாம் அத்தான்."

"இருட்டிலைதான் வானத்திலை பச்சை வெளிச்சம் தெரியும். காசு குடுத்துப் பாக்க வாறாங்கள்."

"உங்களுக்குச் சரியெண்டு படுதோ?"

"எனக்குச் சரியெண்டுதான் படுது."

"அப்ப சரி அத்தான்" என்றான். மூத்தவர்கள் சொன்னால் கேட்கிறவன்.

வடக்கிலிருந்தும் விசாரித்தார்கள். "மச்சான், வேறை ஒண்டுமில்லை, குடி கிடி?" என்று கேட்டான் என் நண்பன். "வாழ்க்கையிலை ஒரு சொட்டுத் தொட்டதில்லை" என்றேன். முழு உண்மை. நான் உண்மை சொல்கிற ஆள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

ஓகஸ்ட்டில் ஒஸ்லோவில் கலியாணம். நிருஜா அழுதாள், எல்லா அக்காமாரும் அழுவதுபோல. குகதாசன் அண்ணையும் வந்திருந்தார், அயலூர்க்காரர் அல்லவா. மிதுனா வரவில்லை. மணவறையில் பிலேந்திரன் என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தான். அவர்கள் வடக்கே போன பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளினேன். நாடா பிடித்துப் பார்த்தேன். சோபாவில் சாய்ந்திருக்கும் என் கண்ணிலிருந்து திரைக்கு இரண்டு மீற்றர் எண்பது, அரைச் சென்ரிமீற்றர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்தத் தூரத்தில் படம் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தலையைத் திருப்பத் தேவையில்லை. திரையின் இரண்டு ஓரமும் கண்ணுக்குள் வரும். எழுத்தும் முகமும் ஒரே நேரத்தில் தெரியும். சிவப்பு, சிவப்பாக இருக்கும். பிலேந்திரன் ஞாயிறுகளில் கதைப்பான். "இப்ப தூரம் சரி வந்திட்டுதோ அத்தான்?" என்று மறக்காமல் கேட்பான். "சரி வந்திட்டுது" என்பேன். "அப்ப நல்லது" என்பான். அங்கே எப்படி என்று கேட்டால், வெள்ளையாய்க் கிடக்கு, என்பான்.

நவம்பரில் நிருஜா ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனாள். எனக்குத் தடிமன் காய்ச்சல், நான் போகவில்லை. அங்கே குகதாசன் அண்ணை அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்னைப் புகழ்ந்திருக்கிறார். "பிள்ளை, உம்மடை மனுசனை மாதிரி ஒரு நேர்மையான ஆள் கிடையாது. சொந்த மச்சான் எண்டும் பாக்காமல் குடிக்கதையை மறைக்காமச் சொன்னவர். என்ரை பிள்ளையைக் காப்பாத்தினவர்."

நல்ல மனிதர். நன்றியை மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாதவர்.

நிருஜா குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் வந்து திரைக்கு முன்னால் நின்றாள். படம் அவளுடைய சட்டையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

"என்ரை தம்பி எப்ப குடிச்சவன்?"

"குடிச்சவன் எண்டு நான் சொல்லேல்லை."

"அப்ப என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவள் கேட்டபடியே, குகதாசன் அண்ணையிடம் சொன்னதையும் மிதுனாவிடம் சொன்னதையும், சொல்லுக்குச் சொல். நான் மறைக்கும் ஆள் அல்ல. மிதுனாவின் பெயர் வந்தபோது அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்?"

வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது நல்லது என்று நினைத்தேன். எழும்பி, நாடாவை எடுத்து, பின்சுவரிலிருந்து முன்பு சோபாவின் முதுகு இருந்த இடம் வரைக்கும் நிலத்தில் இழுத்துக் காட்டினேன். தொண்ணூறு சென்ரிமீற்றர். ஒரு மனிதன் நடக்கத் தேவையான இடம். பிலேந்திரனும் மிதுனாவும் கலியாணம் முடித்திருந்தால் இந்த இடம் எங்களுக்கு எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது. ஆகவே அந்தக் கலியாணத்தை நான் குழப்பினேன். குடிகாரன் என்று ஊர் நினைக்க விட்டேன். அந்தப் பிள்ளை என்னிடமே வந்து கேட்டபோதும் விட்டேன். பிறகு அவனை வடக்கே அனுப்பினேன். எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவள் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதுக்கோ?" என்றாள்.

"உதுக்குத்தான்" என்றேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. படத்தின் மிச்சத்தையும் பார்க்கவில்லை. அவளுக்கு அது பிடித்த படம், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நிருஜா 2025 ஜனவரியில் ஹம்மர்ஃபெஸ்ட்டுக்குத் தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்துவிட்டாள். பிலேந்திரன் ஞாயிறுகளில் கதைப்பதில்லை. மிதுனா சட்டத்தின் திருகாணி இளகிவிட்டது என்று ஒரு முறை கடைக்கு வந்தாள், என்னைக் கண்டு திரும்பிப் போய்விட்டாள். அந்தத் திருகாணி ஒரு நிமிட வேலை.

தூரத்தைப் பற்றி இவ்வளவுதான். ஒன்று மட்டும் மிச்சம். தூரம் சரியாக இருந்தாலும், இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் ஒருவராவது திரைக்கு நேர் நடுவிலிருந்து விலகித்தான் இருக்க வேண்டும். படம் ஒரு பக்கம் சற்றுச் சரிந்து தெரியும். இப்போது நான் சோபாவின் நடுவில் இருக்கிறேன்.